முப்பது நொடிக்கு ஒரு மடக்கு

ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்வதால் தசைநாணும் நரம்பும் நலிவதைத் தொழில் நோயாக ஏற்பதில் பிரிட்டன் முன்னோடி. ஏற்றபின் தயங்குவதிலும் அப்படியே. மோர்ஸ் விசையை நாள் முழுதும் தட்டிய தந்தி ஊழியரின் கைப்பிடிப்பு 1908-இல் இழப்பீட்டுப் பட்டியலில் ஏறியது. விண்ணப்பங்கள் பெருகவே, அஞ்சல் துறைக் குழு ஒன்று 1911-இல் ஆராய்ந்து, தட்டும் களைப்போடு ஊழியரின் நரம்புத் தளர்ச்சியும் சேர்ந்தே இந்நோய் வருகிறது என்று கண்டது. விசைக்கு நரம்பில்லை, ஆகவே பழியில் ஒரு பங்கு ஊழியர் தலையில் விழுந்தது. 1993-இல் ஒரு நீதிபதி, விசைப்பலகைக் கைவலிக்கு மருத்துவ நூல்களில் இடமே இல்லை என்று தீர்ப்பெழுதினார். வலிக்கு அந்நூல்களைப் படிக்கும் பழக்கம் இல்லாததால் அது தொடர்ந்தது.

இன்றைய விதியோ துல்லியத்தின் உச்சம். மணிக்கட்டின் இடுக்கு வழியே செல்லும் நரம்பு நசுங்கும் நோய்க்கு உதவித்தொகை கோருபவர், அதிரும் கருவி எதையும் கையாளாதவரானால், நோய் தோன்றுமுன் 24 மாதங்களில் மொத்தம் 12 மாதமாவது, வாரம் 20 மணி நேரத்துக்குக் குறையாமல், 30 நொடிக்கு ஒருமுறையேனும் மணிக்கட்டை மேலும் கீழும் மடக்கியிருக்க வேண்டும். 31 நொடிக்கு ஒருமுறை மடக்கியவரின் நரம்பு, விதியின் பார்வையில், நசுங்கியது வேறெங்கோ. ஐயமுள்ளவர் ஒரு கையால் வேலை செய்து, மறு கையில் நிறுத்துகடிகாரம் பிடித்திருக்கலாம்; அதை மேற்பார்வையாளர் பொறுத்துக்கொள்வாரா என்பதை விதி சொல்லவில்லை. விண்ணப்பப் படிவமும் பல பக்கம் நீள்வது. அதை எழுதி நிரப்பும் நேரம் அந்த 20 மணியில் சேராது.