டிசம்பர் ஐந்தொகை

டிசம்பர் பிறந்தால் பாளையங்கோட்டை நாவல் வாசகர்கள் அந்த வருஷம் படித்தவற்றுக்கு ஐந்தொகை போட உட்கார்ந்துவிடுகிறார்கள். நண்பர் ஒருவரின் பட்டியலில் ரஷ்யா, ஜப்பான், கொலம்பியா எல்லாம் உண்டு. மார்க்கேஸின் மக்கோந்தாவில் யார் யாருக்குச் சித்தப்பா என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். வண்ணநிலவனின் ‘ரெயினீஸ் ஐயர் தெரு’வைக் காணோமே என்றேன். 1981இல் வந்த சின்ன நாவல், களம் இதே பாளை. மதியச் சாப்பாட்டுக்கும் காப்பிக்கும் நடுவே முடித்துவிடலாம்.

“அது இங்கனதானே அண்ணாச்சி இருக்கு, நடந்தே போய்ப் பாத்துக்கிடலாம்லா” என்றார்.

ஜெயமோகனின் ‘வெண்முரசு’ 26 நாவல்கள். முதலாவதில் பாதிகூடத் தாண்டாமல் பஸ் டிக்கெட் செருகியிருக்கிறது. பட்டியலில் 26ம் ஏறிவிட்டன. (பாரதக் கதைதான் தெரிந்ததாயிற்றே!) புதுமைப்பித்தன் தொகுப்பின் அட்டையில் மட்டும் கை பட்ட கறை. ஆசையாகத் தொட்டுப் பார்த்தேன். சரஸ்வதி பூசைக்கு வைத்த சந்தனம்.