டயருக்கும் முட்டி வலிக்கும்

என்னா தம்பி, பாசிர் பெனம்பாங்குக்கு நண்டு திங்க வர்றவனெல்லாம் ஒன் கொட்டகையில நிக்கிற புரோட்டோன் சாகாவையும் பார்த்துட்டுத்தான் போறானாமே! மொத சாகா கோலாலம்பூர் தேசிய மியூசியத்துக்குப் போச்சு. ரெண்டாவது மியூசியத்தை நீ தொறந்துட்ட. சந்தோசம்.

"1985 வண்டி, டயரும் அப்பவே போட்டது"ன்னு அளக்குறியாம். குனிஞ்சு பார்த்தேன். ஓரத்துல 2209னு இருக்கு. அப்படின்னா 2009-ல 22-ஆவது வாரம் செஞ்சது. 2000-க்கு முந்துன டயர்ல மூணு இலக்கம்தான் இருக்கும். 1985-லயே அதை வாங்கிப் போட்ட ஒங்கப்பா நல்லா முன்யோசனைக்காரரு!

கோவிச்சுக்காதே. பால்மரம் சீவியே முதுகு வளைஞ்சவன் நான், ரப்பர் கொணம் எனக்குத் தெரியும். டயர் மேல பழுப்பா படியுதே, அது அழுக்கு இல்லப்பா. காத்துல இருக்குற ஓசோன் கடிக்காம இருக்க உள்ள கலந்த மருந்தும் மெழுகும் மேல கசிஞ்சு காவல் நிக்குது. நீ வாரத்துக்கு ஒருக்கா அதைத் தேய்ச்சுத் தொரத்திட்டு, பளபளன்னு எண்ணெயை வேற தடவுற. பெட்ரோல் வகை எண்ணெய் பட்டா ரப்பர் ஊறி உப்பிரும். காவக்காரனை வெரட்டிட்டுத் திருடனுக்குப் பாய் விரிச்ச கதை.

கொட்டகைக்கு ஒரு பக்கம் மத்தியான வெயில், மறுபக்கம் படகுக்கு வெல்டிங். அந்தப் பொறியிலயும் ஓசோன் பொறக்கும். வண்டியை இருட்டா, குளிர்ச்சியா ஒரு எடத்துக்குத் தள்ளு.

பெரிய தப்பு இனிமேதான். வருசக்கணக்கா ஒரே எடத்துல நிறுத்தியிருக்க. மொத்தப் பாரமும் அடியில ஒரே எடத்துல இறங்கி டயர் சப்பையாயிருச்சு. ரப்பர் எங்க இழுபட்டு நிக்குதோ அங்கதான் ஓசோன் வெடிப்பு விழும். மியூசியக்காரங்க வண்டியை ஸ்டாண்டுல தூக்கி நிறுத்தி, டயர் உருவம் கெடாத அளவுக்குக் கொஞ்சம் காத்து மட்டும் விடுவாங்க. ஸ்டாண்டு இல்லையா? அப்பப்ப தள்ளி, சக்கரத்தைக் கால் சுத்து திருப்பி நிறுத்து.

மெய்யாவே அந்தக் காலத்து டயர் கெடைச்சா, வெடிச்சிருந்தாலும் வீசாதே. அதைப் பார்வைக்கு வை. ஊர்வலத்துக்குப் புது டயர் போட்டுக்க. கெழட்டு டயரை நம்பி புக்கிட் ரோத்தான் வரைக்கும் ஓட்டாதே. பாதியில வெடிச்சா ஒன் படமும் மியூசியத்துல மாட்டிருவாங்க.

ஆகக்கூடி, டயருக்குப் பாரத்தை எறக்கணும், நெழல் கொடுக்கணும், உருவம் கெடாத அளவுக்குக் காத்து இருக்கான்னு பார்த்துக்கணும். இவ்வளவு நேரம் நின்னுக்கிட்டே சொல்றேன். டயருக்குப் பால் எடுத்துக் கொடுத்த கெழவனுக்கு ஒரு ஸ்டூலாவது போடணும்னு தோணுச்சா ஒனக்கு?