கல்லறைக் குன்றில் நவீன சிற்பமா?

கேள்வி: மூணாறு பழைய சி.எஸ்.ஐ. சர்ச்சில் நவீன சிற்பக் கண்காட்சி வைத்தால் தப்பா? பக்கத்திலேயே கல்லறைத் தோட்டம் இருக்கிறதே!
- ஒரு வாசகி, கொழிஞ்சாம்பாறை

பதில்: தாராளமாக வைக்கலாம். அங்கே கல்லறைதான் வீட்டுக்காரர், சர்ச் பின்னால் குடிவந்தது! 1894 டிசம்பரில் காலராவில் இறந்த எலினர் இசபெல் மே என்ற இளம்பெண்ணை அந்தக் குன்றில் அடக்கம் செய்தார்கள். சர்ச்சுக்கு அடிக்கல் நாட்டியது 1910-இல்தான்.

இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் சிற்பப் பூங்காவில் 18-ஆம் நூற்றாண்டுச் சிற்றாலயம் ஒன்று உண்டு. 2014-இல் சீனக் கலைஞர் ஐ வெய்வெய் அதற்குள் பழங்கால நாற்காலிகளை வரிசையாகப் போட்டார். வந்தவர்கள் உட்கார்ந்தார்கள். அதுதான் படைப்பே.

எதிர்ப்பு வருமா? வரட்டும். உங்கள் மாவட்டத்து மலம்புழாவின் நிர்வாண யட்சி சிலையைச் சிற்பி கானாயி குஞ்ஞிராமன் 1969-இல் முடித்தபோது வராத எதிர்ப்பா? இன்று அவளோடு படம் எடுக்காமல் யார் ஊர் திரும்புகிறார்கள்?

எனக்கு ஓர் ஆசை. சர்ச் சுவரில் பித்தளைப் பட்டயங்களில் துரைமார் பெயர்கள் இருக்கின்றன. கொழுந்து கிள்ளியவர்களுக்கு? 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறை அடுத்த பெட்டிமுடியில் நிலச்சரிவில் லய வீடுகளோடு மண்ணில் புதைந்து 70 பேர் போனார்கள். பெரும்பாலோர் நம் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள். கொழுந்துக் கூடையும் கவ்வாத்துக் கத்தியும் கொண்டு, தோட்டத்துப் பிள்ளை ஒருவரே முதல் சிற்பத்தைச் செய்ய வேண்டும்.

சபையாரிடம் முதலில் கேளுங்கள். ஞாயிறு ஆராதனைக்கு இடைஞ்சல் கூடாது. கற்சுவரில் ஓர் ஆணிகூட அடிக்கக் கூடாது.