ரிங்கை நெருங்கிக்கொண்டே போன மாமா

அம்பத்தூர் ஓ.டி. பஸ் நிலையம் பக்கம் ஏதாவது ஒரு டீக்கடையில் நின்று, தெரிந்த பாக்ஸர் மூன்று பேரைச் சொல்லச் சொல்லுங்கள். அநேகமாக ஒரே பதில்தான் வரும்: முகமது அலி, மைக் டைசன், டான்சிங் ரோஸ். முதலாமவர் 2016இல் காலமாகிவிட்டார். இரண்டாமவர் 1966இல் பிறந்தவர். பேரன் பேத்தி எடுக்கும் வயது. மூன்றாமவர் பிறக்கவே இல்லை. 2021இல் பா. ரஞ்சித் எடுத்த 'சார்பட்டா பரம்பரை' படத்தில் ஷபீர் கல்லரக்கல் ஆடிக் காட்டிய பாத்திரம் அவர்.

இன்று நிஜமாகவே ரிங்கில் ஏறி, மூக்கு உடைந்து, பட்டம் வாங்குகிற யாருக்கும் இந்த மூன்று இடத்தில் ஒன்றுகூடக் கிடைப்பதில்லை. "அந்தக் காலத்து பாக்ஸர் மாதிரி இப்ப ஏது?" என்று டீக்கடைக்காரரும் பெருமூச்சு விடுகிறார். அந்தக் காலத்தில் அவர் பிறந்திருக்கவில்லை. நான் பிறந்திருந்தேன். அதனால் கொஞ்சம் சொல்லலாம்.

1980ஆம் ஆண்டின் தொடக்கம். அம்பத்தூர் அப்போது சங்குச் சத்தத்தில் எழுந்து சங்குச் சத்தத்தில் தூங்கும் ஊர். டன்லப், டி.ஐ. சைக்கிள், எஸ்டேட்டில் வரிசையாக லேத் பட்டறைகள், அந்தப் பக்கம் ஆவடியில் டேங்க் ஃபேக்டரி. ஷிப்ட் விடும்போது சாலை முழுக்க சைக்கிள். வெங்கடாபுரத்தில் எங்கள் தெருவில் டி.வி. இருந்தது ஒரே வீட்டில். அதில் வெள்ளிக்கிழமை பாட்டு வரும், ஞாயிற்றுக்கிழமை படம் வரும், மற்ற நேரம் வயலும் வாழ்வும் வரும். குத்துச்சண்டை வந்ததாக எனக்கு நினைவில்லை. ஆனாலும் அலியைத் தெரியாத பையன் தெருவில் கிடையாது. சலூனில் புரூஸ் லீ படத்துக்குப் பக்கத்தில் அவர் படமும் மாட்டியிருந்தது. 1974இல் கின்ஷாசாவில் ஜார்ஜ் ஃபோர்மனைச் சாய்த்ததும், 1975இல் மணிலாவில் ஜோ ஃபிரேசியரோடு உயிரைக் கொடுத்து மோதியதும், நேரில் இருந்தவர்கள்போல் எல்லோருக்கும் தெரியும். ஒரு குத்தையும் ஒருத்தரும் பார்த்ததில்லை.

அப்பேர்ப்பட்ட அலி மெட்ராஸுக்கே வந்தார். நேரு ஸ்டேடியத்தில் காட்சிப் போட்டி. வந்து போட்டி போட்டதுகூட எங்களுக்கு இரண்டாம்பட்சம்தான். எம்.ஜி.ஆரோடு நின்று படம் எடுத்துக்கொண்டார் பாருங்கள், அதுதான் விஷயம். அன்றைக்கு அம்பத்தூரைப் பொறுத்தவரை உலகப் புகழ் பெற்றவர் எம்.ஜி.ஆர்.; அவருடன் நின்ற ஒரு நல்ல மனிதர் அலி. இருவரும் மோதினால் யார் ஜெயிப்பார் என்று எங்கள் பள்ளிக்கூட மைதானத்தில் நாள்கணக்கில் வழக்கு நடந்தது. கடைசியில் தெருவுக்கு வந்து ஃபிட்டர் மாமாவிடம் தீர்ப்புக் கேட்டோம். "தலைவர் ஒண்ணு வுட்டா அலி தாங்க மாட்டான்டா. ஆனா வூட்டுக்கு வந்தவன தலைவர் அடிப்பாரா? சாப்பாடு போட்டுத்தான் அனுப்புவாரு" என்றார். இரண்டு கட்சியும் திருப்தியாகக் கலைந்தது.

இந்த ஃபிட்டர் மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். டேங்க் ஃபேக்டரியில் வேலை. பூர்வீகம் ராயபுரம். வேலை கிடைத்ததும் மேற்கே வந்துவிட்ட வடசென்னைக் குடும்பங்களில் ஒன்று. அவரைப் போன்றவர்கள் மூட்டை முடிச்சோடு சார்பட்டா, இடியப்ப நாயக்கர், எல்லப்பச் செட்டியார் என்று குத்துச்சண்டைப் பரம்பரைகளின் பெயர்களையும் கொண்டுவந்து சேர்த்தார்கள். அம்பத்தூருக்கோ பூந்தமல்லிக்கோ சொந்தமாகப் பரம்பரை எதுவும் கிடையாது. எங்கள் குத்துச்சண்டை முழுக்க ரயிலேறி வந்த சரக்கு. ஆங்கிலோ இந்திய பாக்ஸர் நாட் டெரியை வடசென்னை பாக்ஸர் கித்தேரி முத்து எதிர்கொண்ட கதையை மாமா தன் அப்பாவிடம் கேட்டிருக்கிறார். நாங்கள் மாமாவிடம் கேட்டோம். மூன்றாம் கையில் வந்தாலும் எங்களுக்கு அது சூடாகத்தான் இருந்தது.

அலியைப் பார்க்க நேரு ஸ்டேடியம் போனவர் எங்கள் தெருவில் மாமா ஒருவர்தான். அந்த மாதம் அவர் சொன்னபடி, உட்கார்ந்தது கேலரியில், தூணுக்குப் பின்னால். அலி கட்டைவிரல் அளவுக்குத் தெரிந்தார். இரண்டு வருடம் கழித்து எனக்குக் கதை சொன்னபோது தூண் இல்லை. எனக்கு மீசை அரும்பிய சமயத்தில் மாமா நாற்காலி வரிசைக்கு வந்துவிட்டார். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் ரிங் ஓரம். அவர் ரிட்டயர் ஆன விழாவில் பேசும்போது, அலியின் வியர்வை அவர் சட்டையில் தெறித்திருந்தது. இன்னும் பத்து வருடம் சர்வீஸ் இருந்திருந்தால் கயிற்றைத் தாண்டி உள்ளே போயிருப்பார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

யாரும் மறுக்கவில்லை. மறுக்க என்ன இருந்தது? யூடியூபா, போன் வீடியோவா? ஒருவர் பார்த்ததை நூறு பேர் கேட்டு, கேட்டதை இன்னும் பெரிதாக்கி அடுத்த நூறு பேருக்குச் சொன்னார்கள். அலியின் பெயர் எங்கள் பக்கம் ஊன்றி நின்றது இப்படித்தான். அவருடைய வாயும் உதவியது என்று வையுங்கள். தன்னைத் தானே புகழ்ந்துகொள்வதில் அவருக்கு ஈடு எங்கள் பக்கத்து கவுன்சிலர்கள்தான். வியட்நாம் போருக்குப் போக மாட்டேன் என்று 1967இல் மறுத்துப் பட்டத்தையே இழந்தவர் என்பதும் பெரியவர்களுக்குத் தெரியும். சண்டைக்கு வெளியே சொல்வதற்கு அவரிடம் அத்தனை கதை இருந்தது.

இப்போது ஒரு சங்கடமான விஷயம். நேரு ஸ்டேடியத்தில் அலியோடு ரிங்கில் நின்றவர் பெயர் ஜிம்மி எல்லிஸ். அலியின் சொந்த ஊரான லூயிவில்காரர், சின்ன வயது நண்பர். அவரும் லேசுப்பட்டவர் அல்ல: 1968 முதல் 1970 வரை உலக குத்துச்சண்டைச் சங்கத்தின் ஹெவிவெயிட் சாம்பியன். ஆக, மெட்ராஸுக்கு வந்த சாம்பியன்கள் இருவர். மாமாவின் கதையில் எல்லிஸுக்குக் கடைசிவரை பெயரே வரவில்லை. "எதிர்ல ஒருத்தன் இருந்தான்" என்பதோடு அவர் சரித்திரம் முடிந்தது.

இன்னும் கேளுங்கள். அலி அப்போது சாம்பியனே இல்லை. முந்தைய வருடம் ஓய்வு அறிவித்துவிட்ட 38 வயதுக்காரர். நடப்புச் சாம்பியன்களாக இருந்தவர்கள் லாரி ஹோம்ஸ், ஜான் டேட். அதில் ஹோம்ஸ் அதுவரை ஒரு சண்டையிலும் தோற்காதவர். அதே 1980 அக்டோபரில், ஓய்வை முறித்துக்கொண்டு வந்த அலியை உட்காரவைத்து அனுப்பியவரும் அவர்தான். அம்பத்தூரில் ஹோம்ஸ் பெயர் தெரிந்த ஒருத்தரைக்கூட நான் சந்தித்ததில்லை. பழைய தலைமுறை பாக்ஸர்கள் எல்லோரும் பேரும் புகழுமாக வாழ்ந்தார்கள் என்று நாம் சொல்லும்போது, ஒரே ஒருவரைப் பன்மையில் சொல்லிக்கொண்டிருக்கிறோம். அவருக்குப் பின் டைசன் வந்தார். 1990இல் டோக்கியோவில் பஸ்டர் டக்ளஸிடம் தோற்றது பத்திரிகை படிக்கிறவர்களுக்குத் தெரிந்தது. 1997இல் ஹோலிஃபீல்டின் காதைக் கடித்தது எல்லோருக்கும் தெரிந்தது. அதற்குள் தெருவுக்குத் தெரு கேபிள் வந்துவிட்டது. குத்துச்சண்டை என்றால் என்னவென்று அறியாத என் அத்தைகூட ஒரு வாரம் காதைப் பற்றியே பேசினாள்.

உள்ளூர் பாக்ஸர்கள் என்ன ஆனார்கள்? பரம்பரைக்குப் பரம்பரை மோதி, சுவரொட்டி ஒட்டி, டிக்கெட் விற்று, ஜெயித்தவரைத் தோளில் தூக்கிப் போன காலம் மெல்ல முடிந்தது. ரிங்கில் தீராத பகை வெளியே வந்தது. சாராயக்காரர்களுக்கும் கட்சிக்காரர்களுக்கும் பலமான கைகள் தேவைப்பட்டன. போலீஸ் அனுமதி அரிதாயிற்று. 'பாக்ஸர்' என்பது விளையாட்டுப் பக்கத்திலிருந்து கிளம்பி, குற்றச் செய்திப் பக்கத்தில் பெயருக்கு முன்னால் போடும் பட்டமாயிற்று. 1999 நவம்பரில் கைதி பாக்ஸர் வடிவேலு இறந்ததையொட்டிச் சென்னை மத்திய சிறையில் மூண்ட கலவரம் எல்லாப் பத்திரிகையிலும் முதல் பக்கம். அந்தப் பத்திருபது வருடத்தில் மெட்ராஸில் மிக அதிகம் பேசப்பட்ட 'பாக்ஸர்' அவர்தான் என்று நினைக்கிறேன்.

ஒழுங்காக விளையாடியவர்களைக் கேட்க நாதியில்லை. சென்னையைச் சேர்ந்த வி. தேவராஜன் 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் ஆடினார். 1994இல் பாங்காக் உலகக் கோப்பையில் வெண்கலம் வென்றார். அர்ஜுனா விருதும் வந்தது. உலக அளவில் மெடல் வாங்கிய சென்னைக்காரர்! எங்கள் தெருவில் எத்தனை பேருக்குத் தெரியும்? அந்த வருடம் 'காதலன்' வந்திருந்தது. பிரபுதேவாவின் காலைப் பார்க்கவே நேரம் போதவில்லை, தேவராஜனின் கையை யார் பார்ப்பது? போதாததற்கு 1984 ஒலிம்பிக்கிலிருந்து அமெச்சூர் பாக்ஸர்களுக்குத் தலைக்கவசம் மாட்டிவிட்டார்கள். மண்டைக்கு நல்லது என்றுதான் மாட்டினார்கள். ஆனால் சலூன் சுவரில் மாட்ட முகம் வேண்டுமே.

பெண்கள் கதை இன்னும் அழகு. சென்னை பாக்ஸர் துளசியைப் பற்றி நார்வேயிலிருந்து வந்தவர்கள் ஆவணப்படமே எடுத்தார்கள். 2013இல் அது வெளிவந்து வெளிநாட்டுத் திரைவிழாக்களில் ஓடியது. சென்னை எங்கே, ஆஸ்லோ எங்கே? நமக்கு 2016இல் 'இறுதிச்சுற்று' படம் வந்தபிறகுதான் பெண்களும் குத்துவார்கள் என்று தெரிந்தது. மேரி கோம் ஆறு முறை உலக சாம்பியன், லண்டன் ஒலிம்பிக்கில் வெண்கலம். எங்கள் குடியிருப்பில் பலருக்கும் அவர் படத்தில் வந்த பிரியங்கா சோப்ராவின் முகத்தோடுதான் அறிமுகம். நிகத் ஜரீன் 2022இலும் 2023இலும் உலக சாம்பியன். தெலங்கானாவிலிருந்துதான் வருகிறார். அவரைப் பற்றி இன்னும் படம் வரவில்லை. ஆகவே தெரியாது.

இன்றைய அம்பத்தூரில் குத்துச்சண்டைக்குப் பஞ்சமில்லை என்பதுதான் வேடிக்கை. லேத் ஓடிய இடங்களில் ஐ.டி. கம்பெனிகள், அங்கே உட்கார்ந்து முதுகு வலி வந்தவர்களுக்காக ஜிம்கள், ஜிம்முக்கு ஜிம் ஒரு மூலையில் குத்துப்பை தொங்குகிறது. எங்கள் ஃபிளாட்டில் மூன்றாவது மாடிப் பையன் அப்படி ஒன்றுக்குப் போகிறான். கையில் பேண்டேஜ் சுற்றுவது எப்படி என்று எனக்கு லிஃப்டிலேயே பாடம் எடுத்துவிட்டான். உசிக், கனெலோ, இனோவே என்று எல்லாப் பெயரும் அவனுக்கு அத்துப்படி. மாமா ஆயுளுக்கும் ஒரு சண்டை பார்த்தார். இவன் ஒரு பஸ் பயணத்தில் முப்பது பார்த்துவிடுகிறான். பேசத்தான் ஆளில்லை. ஜிம்மில் கூடக் குத்துகிற மற்றவர்கள் தொப்பையைக் குறைக்க வந்தவர்கள்.

சாம்பியன் யார் என்று அவனிடம் ஒருநாள் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. எடைப் பிரிவு 17. ஒவ்வொன்றுக்கும் பட்டம் கொடுக்கப் பெரிய சங்கங்கள் 4. அலி காலத்தில் இரண்டே சங்கம். 1983இல் ஒன்றும் 1988இல் ஒன்றுமாகக் கடையைத் திறந்து நான்காக்கிவிட்டார்கள். பதினேழை நாலால் பெருக்கினால் 68 பெல்ட். போதாதென்று 'சூப்பர்', 'இடைக்கால' என்று அடைமொழிச் சாம்பியன்கள் வேறு. ரேஷன் கார்டு மாதிரி ஆளுக்கொன்று இருந்தால் யார் நின்று பார்ப்பார்கள்? பெரிய சண்டைகளுக்குத் தனிக் கட்டணம். அதுவும் நம் ஊரில் கோழி கூவும் நேரத்தில்.

ஒரே ஒருமுறைதான் எங்கள் ஃபிளாட்டே திரண்டு குத்துச்சண்டை பார்த்தது. 2024 நவம்பர், சனிக்கிழமை காலை. 58 வயது டைசனும், யூடியூபில் பேர் வாங்கிய ஜேக் பாலும் நெட்ஃபிளிக்ஸில் மோதினார்கள். படம் நின்று நின்று வந்தது. டைசனும் அப்படியே. ஆறு கோடி வீடுகளில் பார்த்ததாக நெட்ஃபிளிக்ஸ் சொல்லிக்கொண்டது. டைசன் பாயின்ட்டில் தோற்றார். மாலையில் மொட்டை மாடியில் பேச்சு முழுக்க "பாவம் டைசன்". ஜெயித்தவரை "அந்த வீடியோக்காரன்" என்றார்கள். அந்த ஒரு நாள் மட்டும் ஜிம்மி எல்லிஸுக்குத் துணை கிடைத்திருந்தது.

அடுத்த வருடம் ஜூலையில் ஒரு ஞாயிறு. மூன்றாவது மாடிப் பையன் கண் சிவக்க இறங்கி வந்தான். ராத்திரி முழுக்க முழித்திருக்கிறான். லண்டன் வெம்ப்ளியில் உக்ரைன்காரர் ஒலெக்சாண்டர் உசிக், டேனியல் டுபாவை ஐந்தாவது ரவுண்டில் சாய்த்துவிட்டார். நான்கு பெல்ட்டும் மறுபடி ஒரே ஆளிடம். தொழில்முறையில் அதுவரை ஒரு தோல்வி கிடையாது. அவரது நாட்டில் போர் நடக்கிறது, ஆரம்பத்தில் துப்பாக்கியோடு ஊர்க்காவலுக்கும் போனவர். இதெல்லாம் பால் பாக்கெட்டும் கையுமாக நின்ற என்னிடம் மூச்சுவிடாமல் சொன்னான். நல்ல கதை. மாமா இருந்திருந்தால் ஒரு வாரத்தில் வெம்ப்ளிக்கு டிக்கெட் வாங்கியிருப்பார்.

"இவர வெச்சுப் படம் ஏதாவது வந்திருக்கா தம்பி?" என்று கேட்டேன்.

"தெரியல அங்கிள். எனக்குத் தெரிஞ்சு இல்ல."

"அப்ப கஷ்டம்தான்" என்று சொல்லிவிட்டு லிஃப்ட் பட்டனை அழுத்தினேன்.