இலை மூட முடியாத பந்தி

கைபேசிக்குள் குடியிருப்பவற்றை மூன்று வகையாகப் பிரிக்கலாம்: பயன்படுபவை, மகிழ்விப்பவை, பிடித்தால் விடாதவை. முதல் வகை கூப்பிட்டால் வரும், வேலை முடிந்தால் போகும். இரண்டாம் வகை வந்து கொஞ்ச நேரம் பேசிச் சிரித்துவிட்டுப் போகும். மூன்றாம் வகை கூப்பிடாமலே பெட்டி படுக்கையுடன் வந்து தங்கிவிடும். மூன்றும் ஒரே வாசலில் நுழைவதால், கதவைத் திறப்பவருக்கு வந்திருப்பது யார் என்று உடனே தெரிவதில்லை.

முதல் வகைக்குத் தலைசிறந்த எடுத்துக்காட்டு டார்ச். மின்சாரம் போனால் எரியும், வந்தால் அணையும். டார்ச்சுக்கு அடிமையாகி வேலையைத் தொலைத்தவர் என்று யாரும் இல்லை. “மூன்று நாளாக என்னை ஏற்றவே இல்லையே, கோபமா?” என்று அது நள்ளிரவில் செய்தி அனுப்புவதில்லை. பக்கத்து வீட்டுக்காரர் இன்று எத்தனை முறை டார்ச் அடித்தார் என்ற பட்டியலையும் நீட்டுவதில்லை. 2016-ல் இந்தியாவில் அறிமுகமான யுபிஐயும் இந்த இனமே. டீக்கடையில் ஸ்கேன் செய்து ரகசிய எண்ணைத் தட்டினால், கல்லாவுக்குப் பக்கத்தில் இருக்கும் பெட்டி பணம் வந்ததைத் தெருவுக்கே அறிவிக்கும். சில்லறைக்குப் பதில் மிட்டாய் நீட்டும் கடைக்காரரின் பரம்பரை உரிமை பறிபோனதைத் தவிர இதில் பெரிய சேதம் இல்லை. பொழுது போகவில்லை என்று யாரும் டீக்கடைக்கு இன்னொரு பன்னிரண்டு ரூபாய் அனுப்புவதும் இல்லை. பயனுள்ள பொருளின் இலக்கணம் இவ்வளவுதான்: அதன் வேலைக்கு ஒரு முடிவு உண்டு, முடிந்ததும் ஆளை விட்டுவிடும்.

இரண்டாம் வகைக்கு 1997-ல் நோக்கியா 6110-ல் வந்த பாம்பு விளையாட்டைச் சொல்லலாம். பாம்பு தின்னும், நீளும், கடைசியில் தன் உடம்பையே கடித்துச் சாகும். அதை மணிக்கணக்கில் ஆடியவர்களும் உண்டு. ஆனாலும் ஒவ்வொரு ஆட்டமும் ஒரு சாவில் முடிந்தது. அந்த நேரத்தில் ஆடியவர் தலையை நிமிர்த்தி, தாம் ஏற வேண்டிய பஸ் போய்விட்டது என்பதையாவது தெரிந்துகொண்டார்.

மூன்றாம் வகையைப் புரிந்துகொள்ளப் புறாக்களிடம் போக வேண்டும். அமெரிக்க உளவியலாளர் பி.எஃப். ஸ்கின்னர், பெட்டிக்குள் இருக்கும் ஒரு வட்டைக் கொத்தினால் தீனி விழும்படி அமைத்துப் புறாக்களை ஆராய்ந்தார். இத்தனை கொத்துக்கு ஒரு தீனி என்று கணக்காகக் கொடுத்தபோது, தின்ற புறா சற்று இளைப்பாறியது. எந்தக் கொத்துக்குத் தீனி விழும் என்று தெரியாதபடி கொடுத்தபோது, அது ஓயாமல் கொத்தியது. சூதாட்ட இயந்திரம் ஓடுவது இந்தக் கணக்கில்தான். திரையை விரலால் கீழே இழுத்து விட்டால் புதுச் செய்தி வரும் முறையும் இதற்கு நெருங்கிய உறவு. இழுத்தால் ஒரு நேரம் நண்பரின் திருமணச் செய்தி, ஒரு நேரம் மனைத் தரகரின் விளம்பரம், பல நேரம் ஒன்றுமில்லை. ஒன்றுமில்லாததால்தான் மறுபடி இழுக்கத் தோன்றுகிறது. ஒரே வேறுபாடு, புறா தன் பெட்டிக்கு மாதத் தவணை கட்டவில்லை.

அடுத்தது, முடிவில்லாமல் உருளும் திரை. கல்யாணப் பந்தியில் “போதும்” என்ற சொல்லைப் பரிமாறுபவர் நம்புவதில்லை. இலையை மூடினால்தான் நம்புவார். பழைய இணையப் பக்கங்களின் அடியில் இருந்த ‘அடுத்த பக்கம்’ என்ற பொத்தான், அப்படி இலையை மூடுவதற்கு வாய்த்த இடம். 2006-ல் ஏசா ராஸ்கின் என்ற வடிவமைப்பாளர் அந்தப் பொத்தானே தேவைப்படாத முறையை உருவாக்கினார். கிளிக் செய்யும் சிரமத்தைக் குறைப்பதுதான் நோக்கம். விளைந்ததோ, பாயசத்துக்குப் பிறகு மறுபடி சாம்பாரில் தொடங்கும் பந்தி. பிற்காலத்தில் ராஸ்கின் இதற்காக வெளிப்படையாக வருந்தினார். அந்த வருத்தத்தைப் பலரும் உருட்டிக்கொண்டே படித்திருப்பார்கள்.

தனி ஆளைத் திரை பிடித்தது போதாதென்று, சுற்றத்தாரும் துணைக்கு அழைக்கப்பட்டனர். 2009-ல் ஃபேஸ்புக்கில் வந்த லைக் பொத்தான், மொய் நோட்டின் மறுபிறப்பு. வைத்தவருக்குத் திருப்பி வைத்தாக வேண்டும். வைத்தவர்களைவிட வைக்காதவர்களின் பெயர்தான் மனத்தில் நிற்கும். 2014-ல் வாட்ஸ்அப்பில் நீலக் குறி வந்தது. அதுவரை “கடிதம் கிடைக்கவில்லை” என்ற ஒரு வரி தலைமுறை தலைமுறையாக உறவுகளைக் காத்து வந்தது. சித்தப்பா அனுப்பிய காலை வணக்க ரோஜாவை 6.02-க்குப் பார்த்தும் பதில் போடாதவருக்கு இனி அந்த வரி உதவாது. நீலக் குறியை அணைத்து வைக்க வழி உண்டு. ஆனால் அணைத்தவருக்குத் தனி உரையாடல்களில் மற்றவர்களின் நீலக் குறியும் தெரியாது. தம் கதவை மூடிவிட்டு எதிர்வீட்டு ஜன்னலைப் பார்க்க விரும்பும் மனித இயல்புக்கு இது பெரிய சோதனை.

இந்தப் பிடியை உருவாக்கும் முறைக்கும் அதிலிருந்து தப்பும் முறைக்கும் நூல்கள் உண்டு. பழக்கம் உண்டாக்கும் பொருள்களைச் செய்வது எப்படி என்று நிர் எயால் 2014-ல் ‘ஹுக்ட்’ என்ற நூலை எழுதினார். கவனச் சிதறலிலிருந்து மீள்வது எப்படி என்று 2019-ல் ‘இன்டிஸ்ட்ராக்டபிள்’ எழுதியவரும் அவரே. பூட்டும் சாவியும் ஒரே கடையில் கிடைப்பது வாடிக்கையாளருக்கு வசதிதான்.

2018-ல் ஆப்பிளும் கூகுளும் கைபேசி பார்க்கும் நேரத்தை அளந்து வரம்பு வைக்கும் வசதிகளைக் கொண்டுவந்தன. ஐபோனில் ஒருவர் தமக்குத் தாமே வைத்த வரம்பு தீர்ந்ததும் திரை மூடிக்கொள்ளும். அதிலேயே இன்றைக்கு மட்டும் வரம்பைப் பொருட்படுத்த வேண்டாம் என்று சொல்லும் வழியும் இருக்கும். சர்க்கரை நோயாளியின் வீட்டில் லட்டு டப்பாவைப் பூட்டி, சாவியை மூடியிலேயே ஒட்டி வைப்பது போன்ற ஏற்பாடு இது. வாரம் ஒருமுறை, எவ்வளவு நேரம் செலவானது என்ற அறிக்கையும் வரும். அதைப் படிக்கக் கைபேசியைக் கையில் எடுக்க வேண்டும். எடுத்த நேரம் அடுத்த வார அறிக்கையில் சேரும்.