தேவரியா தாலுக்கு ஒரு பகல்

மதுரை வாசகர்: குளிர்காலத்தில் இமயமலை ஏரி ஒன்றைப் பார்க்க ஆசை. ஒரே பகலில் ஏறி இறங்கிவிட வேண்டும். எங்கே போகலாம்?

உத்தராகண்டில் தேவரியா தால். ரிஷிகேஷிலிருந்து ருத்ரபிரயாக், உக்கிமட் வழியாக சாரி கிராமம் வரை ஒரு பகல் முழுக்க வண்டிப் பயணம். இரவு அங்கே தங்கி, காலையில் ஏறுங்கள். கேதார்நாத் கோயில் பனிக்காலத்தில் மூடியிருக்கும். அப்போது சுவாமிக்கு வழிபாடு உக்கிமட் ஓம்காரேஸ்வரர் கோயிலில்தான். போகிற வழியிலேயே தரிசனமும் ஆயிற்று.

சேலம் வாசகர்: சாரியிலிருந்து மூன்று கிலோமீட்டர்கூட இல்லையாமே! ஒரு மணி நேரம் போதாதா?

சமதரையில் போதும். இங்கே தொடக்கம் முதலே ஏற்றம். பனி விழுந்திருந்தால் இரண்டு, மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள். உயரத்தை எண்ணிப் பயப்பட வேண்டாம்: ஏரி சுமார் 2,400 மீட்டரில் இருக்கிறது, நம் தொட்டபெட்டா 2,637.

திருச்சி வாசகி: சௌகம்பா சிகரம் ஏரியில் தலைகீழாகத் தெரியும் படத்தைப் பார்த்து மயங்கிவிட்டேன். ஜனவரியில் போனால் தெரியுமா?

தெரியாமல் போகவே வாய்ப்பு அதிகம். ஜனவரி, பிப்ரவரியில் ஏரி உறைந்து, அதன்மேல் பனியும் படிந்துவிடும். 7,138 மீட்டர் சிகரம் எதிரே நிற்கும், முகம் பார்க்கக் கண்ணாடிதான் இருக்காது. பிம்பம் வேண்டுமானால் நவம்பரில், காற்று எழுமுன் காலையிலேயே கரையில் இருங்கள். பனி வேண்டுமானால் ஜனவரி. என் ஓட்டு ஜனவரிக்கு. பிம்பத்தைப் படத்திலும் பார்க்கலாம். பனிக்காட்டின் அமைதியைப் போய்த்தான் கேட்க வேண்டும்.

நெல்லை வாசகர்: உறைந்த ஏரியின் மேல் நடக்கலாமா?

வேண்டவே வேண்டாம். தண்ணீருக்கு 4 டிகிரியில்தான் அடர்த்தி அதிகம். அந்தத் தண்ணீர் அடியில் தங்க, அதைவிடக் குளிர்ந்தது மேலே மிதந்து உறைகிறது. அதனால்தான் ஏரி மேலிருந்து கீழாக உறைகிறது, அடியில் உயிர்கள் பிழைக்கின்றன. ஆனால் மேலே விழும் பனி கம்பளி போர்த்தியதுபோல் குளிரைத் தடுக்கும். கட்டி தடிப்பது மெதுவாகும். எங்கே எவ்வளவு கனம் என்பதையும் அதே பனி மறைத்துவிடும். கரையோரம் தாங்கிய கட்டி நாலடி தள்ளித் தாங்கும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை.

கோவை வாசகி: ஜீன்ஸும் ஸ்வெட்டரும் போதாதா?

ஜீன்ஸ் வேண்டாம். பருத்தி நனைந்தால் லேசில் காயாது, உடம்புச் சூட்டையும் இழுத்துக்கொள்ளும். உள்ளே கம்பளி அல்லது பாலியெஸ்டர், வெளியே காற்றும் ஈரமும் புகாத ஜாக்கெட். ஏறும்போது வியர்த்தால் ஓர் அடுக்கைக் கழற்றிவிடுங்கள். வியர்வையில் நனைந்த உடம்பு நின்றவுடன் நடுங்கும். மாற்றுக் காலுறை ஒரு ஜோடி. கறுப்புக் கண்ணாடி கட்டாயம்: புதுப்பனி புற ஊதாக் கதிரில் 80 சதவீதம் வரை திருப்பி அடிக்கும், கண் தாங்காது.

சென்னை வாசகர்: செல்போன்?

சட்டைக்குள், உடம்போடு ஒட்டி. குளிரில் பேட்டரி சீக்கிரம் படுத்துவிடும்.

தஞ்சை வாசகர்: யட்சன் தருமரிடம் கேள்வி கேட்ட பொய்கை இதுதானா?

அந்த ஊர்க்காரர்களின் நம்பிக்கை அதுதான். பதில் சொல்லாமல் தண்ணீரில் கை வைத்த தம்பிகள் நால்வரும் விழுந்தார்கள்; நின்று பதில் சொன்ன தருமர் அவர்களை மீட்டார். இன்று அங்கே ஏறுகிறவர்களுக்கும் ஒரு கேள்வி உண்டு: எத்தனை மணிக்குத் திரும்புவாய்? இதற்குப் பதில் வைத்துக்கொள்ளாமல் ஏறாதீர்கள்.

ஈரோடு வாசகி: சரி, எத்தனை மணிக்கு?

பகல் ஒரு மணி. ஏரியை எட்டினாலும் எட்டாவிட்டாலும் அதுதான் எல்லை. டிசம்பரில் அங்கே ஐந்தரைக்குள் சூரியன் மறையும். மலை மறைப்பதால் பாதையில் நிழல் அதற்கு முன்பே விழும். மதியம் உருகிய பனி அந்த நிழலில் மறுபடி உறைந்து வழுக்கும். இறங்கும்போதுதான் முட்டிக்கும் வேலை அதிகம், ஆகவே கைத்தடி எடுத்துக்கொள்ளுங்கள். கிளம்பும் முன், திரும்பும் நேரத்தை சாரியில் தங்கிய வீட்டாரிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.