வேங்கடத்துக்கு வடக்கே இரும்புக்கை: ஒரு பூர்வாங்க ஆய்வு

காமிக்ஸ் படைப்பாளரை நேரில் காணும் வழக்கம் குறித்துத் தமிழில் முறையான ஆய்வு எதுவும் நிகழவில்லை. இதைவிடச் சிறிய பொருள்களுக்கெல்லாம் முனைவர் பட்டம் தரப்படும் நாட்டில் இந்தப் பாராமுகம் வியப்பளிக்கிறது. ஆய்வுக்களம் சித்தூரும் திருப்பதியும். ஆய்வுக்காலம் முழுப் பரீட்சை லீவு.

தொல்காப்பியப் பாயிரத்தைத் தொடாமல் தொடங்கும் கட்டுரைக்கு எந்தக் கருத்தரங்கிலும் மதியச் சாப்பாடு கிடையாது. ஆகவே தொட்டுவிடுவோம். பாயிரம் தமிழுக்கு வடவெல்லையாக வேங்கடத்தைக் காட்டுகிறது. 1911இல் பிறந்த சித்தூர் மாவட்டம் பாயிரம் படித்ததாகத் தெரியவில்லை. 1960இல் திருத்தணி தமிழ்நாட்டுக்கு வந்தது, சித்தூரும் திருப்பதியும் ஆந்திரத்திலேயே நின்றன. 2022இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. இத்தனை எல்லைத் தகராறிலும் முக்கியமான கேள்வியை ஒருவரும் எழுப்பவில்லை: சிவகாசியில் அச்சாகும் முத்து காமிக்ஸ் வடக்கே எதுவரை செல்லும்? எம் முடிபு, அது அதைக் கொண்டுவரும் வேலூர் மாமாவின் லீவு எட்டும்வரை செல்லும் என்பதே (பரண் தொகுதி, சாக்கு 1).

அடுத்தது மூலநூல்கள். 1962இல் பிரிட்டனின் ‘வேலியன்ட்’ வார இதழில் லூயிஸ் கிராண்டெல் என்பவர் தோன்றினார். வரைந்தவர் ஸ்பெயின் நாட்டு ஹெசூஸ் பிளாஸ்கோ. கிராண்டெலுக்கு ஒரு கை இரும்பு. மின்சாரம் பாய்ந்தால் ஆள் மறைந்துவிடுவார், கை மட்டும் அந்தரத்தில் தெரியும். 1972இல் முத்து காமிக்ஸின் முதல் இதழிலேயே அவர் இரும்புக்கை மாயாவி ஆனார். இங்கிலாந்துக்காக ஸ்பானியர் வரைந்ததைச் சிவகாசியில் தமிழாக்கி, சித்தூரில் தெலுங்கு மீடியம் படித்த பையன் வாசித்தான் என்பதை உலகமயமாதலின் தொடக்கமாகக் கொள்ளலாம். கோடை மின்வெட்டில் மாயாவி எப்படி மறைவார் என்ற ஐயத்தைச் சிறுவர் வட்டாரம் ஒருமனதாக எழுப்பியது. உரைகாரர் இருவர், ஒருவர் பேட்டரி என்பார், மற்றவர் தூங்கு என்பார் (பரண் தொகுதி, சாக்கு 2, எலி உண்டது போக எஞ்சிய பக்கம்).

1984இல் வந்த லயன் காமிக்ஸ் பற்றித் தனிநூல் வரும். ராணி காமிக்ஸ் பற்றி வராது.

‘அம்புலிமாமா’ காமிக்ஸா இல்லையா என்று சண்டையிடுவோர் சண்டையிடுக. 1947 ஜூலையில் நாகிரெட்டியும் சக்கரபாணியும் அதைத் தமிழிலும் தெலுங்கிலும் தொடங்கினார்கள். அதனால் எங்கள் பக்கத்து வீடுகளில் பாட்டி தமிழ் இதழும் பேத்தி தெலுங்கு இதழும் வைத்துக்கொண்டு ஓவியர் சங்கரின் ஒரே படத்தைப் பார்த்தார்கள். விக்கிரமாதித்தன் தோளில் வேதாளம் தொங்கும் அந்தப் படத்தை வரைந்த சங்கர் என்ற கே.சி. சிவசங்கரன் 2020இல் தம் 96ஆம் வயதில் காலமானார். மறு ஆண்டு பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. விருதுகள் வேதாளத்தைப் போல, ஆள் பேசாத நேரம் பார்த்தே தோளில் ஏறுகின்றன.

இனி இவ்வாய்வின் இதயப் பகுதிக்கு வருவோம்: பொம்மையோடு வரும் காமிக்ஸ்.

1982இல் அமெரிக்காவின் மாட்டெல் கம்பெனி ஹீ-மேன் பொம்மைப் பெட்டிக்குள் குட்டிப் புத்தகம் ஒன்றை வைத்தது. முதல் சில புத்தகங்களை வரைந்தவர் பிலிப்பைன்ஸ்காரரான ஆல்ஃபிரடோ அல்காலா. அதே ஆண்டு மார்வெல் நிறுவனத்துக்காக ஜி.ஐ.ஜோ கதைகளை எழுதத் தொடங்கிய லாரி ஹாமா, பொம்மை அட்டையின் பின்பக்கத்துக்கு வீரர்களின் ஜாதகக் குறிப்பையும் எழுதினார். எம்.ஆர்.எஃப்பும் ஹாஸ்ப்ரோவும் சேர்ந்து 1987இல் அமைத்த ஃபன்ஸ்கூல் அந்த வீரர்களை இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. பொம்மை வாங்கித்தர மறுத்த அப்பாக்களின் பிள்ளைகள் கடையில் நின்றபடியே அட்டையின் பின்பக்கத்தைப் படித்துமுடித்தார்கள். ஹாமாவின் மிகத் தீவிர வாசகர்கள் இவர்களே.

இவ்வகைக்கு 1982ஐத் தொடக்கமாகக் கூறும் மேலையோர் கருத்தை யாம் மறுக்கிறோம். திருப்பதியில் செம்மரத்தில் செதுக்கிய மரப்பாச்சிகள் ராஜாவும் ராணியுமாக இணையாகவே விற்கப்பட்டன. அவை தொங்கிய அதே கடையில் தலபுராணப் புத்தகமும் தொங்கியது. ஒரு பொம்மை, ஒரு கதை. இரண்டும் ஒரே பெட்டிக்குள் இல்லையே என்பர் மறுப்போர். ஒரே செய்தித்தாளில் சுற்றி ஒரே சணலால் கட்டியதை அவர்கள் கண்டதில்லை. ஹீ-மேனின் இடுப்பைத் திருகி விட்டால் கை சுழன்று குத்துமே, மரப்பாச்சிக்குக் கை உடம்போடு ஒட்டியிருக்கிறதே என்பது இரண்டாம் மறுப்பு. மரப்பாச்சி முழு உடலாலும் தாக்கும். தம்பியின் நெற்றித் தழும்பு இதற்குக் கல்வெட்டுச் சான்று. கல்வெட்டு இன்றும் தெளிவாக வாசிக்கக்கூடிய நிலையில் அனந்தபூரில் வேலை பார்க்கிறது. வில்லன் எங்கே என்பார் மூன்றாமவர். ஹீ-மேனுக்கு ஸ்கெலிட்டரைத் தனிக்காசு கொடுத்து வாங்க வேண்டும்; ராஜா ராணி இருவரையும் ஒரே வீட்டில் வைத்தால் வில்லனுக்குச் செலவில்லை (பெரியம்மா, சமையலறை வாய்மொழி மரபு, தாளிப்பதற்கு முன் கூறியது; பெரியப்பா வந்தபின் அவரே திரும்பப் பெற்றது; மேலும் காண்க: பரண் தொகுதி, சாக்கு 2, கரப்பான் முட்டைக்கு இடப்புறம், தலைகீழாக). தவிர, குழந்தைக்கு உடம்பு சரியில்லையென்றால் மரப்பாச்சியை உரைத்துப் பூசலாம். ஹீ-மேனை உரைத்துப் பார்த்தவர் பிளாஸ்டிக் வாசனையோடு திரும்பினார்.

இதைவிடப் பழைய சான்று தோண்டினால் கிடைக்கும். தோண்டும்வரை நமக்குச் சாதகமாகவே கொள்வது ஆய்வு மரபு.

ஸ்ரீகாளஹஸ்தி கலம்காரியைத் தவிர்த்துவிட்டு இப்பொருளை எழுதுவது பாவம். கடுக்காயும் பாலும் ஊட்டிய துணி, மூங்கில் பேனா, இரும்புத் துண்டும் வெல்லமும் ஊறவைத்த கறுப்பு மை. ராமாயணம் கட்டம் கட்டமாக ஓடும், கட்டத்தோடு தெலுங்கில் வரியும் வரும். நடுவே பெரிய கட்டத்தில் பட்டாபிஷேகம். காமிக்ஸ்காரர்கள் முழுப்பக்கப் படத்தை எங்கே வைப்பது என்று இன்னும் மண்டையை உடைத்துக்கொண்டிருக்க, இவர்கள் அதை எப்போதோ முடித்துவிட்டார்கள். கலம்காரிக் கலைஞர் ஜொன்னலகட்டா குரப்ப செட்டிக்கு 2008இல் பத்மஸ்ரீ கிடைத்தது. ஆனாலும் திருப்பதிப் பையன்கள் காளஹஸ்திக்கு ராகு-கேது பூஜைக்குத்தான் போகிறார்கள். படைப்பாளரைப் பார்க்க டிக்கெட் எடுத்துச் சென்னைக்குப் போகிறார்கள். பேட்ஜ் மாட்டாத படைப்பாளர் கண்ணுக்குத் தெரிவதில்லை. மாயாவிக்காவது ஒரு கை தெரிந்தது.

இனி சந்திப்பு. காமிக் கான் 2011இல் டெல்லியில் தொடங்கி, ஹைதராபாத், பெங்களூர் எல்லாம் சுற்றி, 2024 பிப்ரவரியில் சென்னைக்கு வந்தது. அதற்கு முன்பே ஈரோடு, சென்னைப் புத்தகக் காட்சிகளில் லயன்-முத்து ஸ்டால் முன்னால் நரைத்த தலைகள் கூடுவதுண்டு. படைப்பாளர் முன் நிற்போர் மூவகையர். வண்ணத்தில் அச்சிட்டதால் பழைய சாணித்தாள் வாசனை போயிற்று என்று வழக்காடுவோர் முதல் வகை. பேச வந்து பேசாமல் போவோர் இரண்டாம் வகை. மூன்றாம் வகையினரின் உரையாடல் எங்கு பதிவு செய்தாலும் மாறுவதில்லை:

“சார், முதல் புக்கே எங்கிட்ட இருந்திச்சி சார்.”

“அப்படியா! இப்ப இருக்கா?”

“அம்மா எடைக்குப் போட்டுட்டாங்க சார்.”

இவ்வாக்குமூலங்கள் அனைத்தும் மெய்யானால் 1972இன் அந்த முதல் இதழ் தினத்தந்தியைவிட அதிகமாக அச்சாகியிருக்க வேண்டும். தமிழ்த் தாய்மார் அத்தனையையும் ஒருவர் விடாமல் எடைக்குப் போட்டிருக்க வேண்டும். படைப்பாளர் எந்தக் கதையை எப்படி உருவாக்கினார் என்று மூன்றாம் வகையினர் கேட்டதாகச் சான்றில்லை. அவர் அங்கே கேட்கப்படுபவரல்லர், கேட்டுக்கொள்பவர். ஆய்வாளர்கள் எழுத்தாளரைப் பேட்டி காணும்போதும் இதுவே நிகழ்வதால் ரசிகரை மட்டும் குறை சொல்வதற்கில்லை.

வரிசையில் நிற்பதில் திருப்பதிக்காரரை வெல்ல யாராலும் ஆகாது. வைகுண்டம் கியூ காம்ப்ளெக்ஸின் நிழலில் வளர்ந்தவருக்கு சென்னை காமிக் கானின் நந்தம்பாக்கம் வரிசை ஒரு பொருட்டல்ல. சர்வ தரிசனக்காரர் சுவரில் சாய்ந்து நிற்பார், முந்நூறு ரூபாய்க்காரர் கடிகாரம் பார்ப்பார். மணிக்கணக்கில் நின்று, சந்நிதி வந்ததும், சொல்ல வைத்திருந்ததெல்லாம் மறந்து, கண்ணை மூடலாமா திறக்கலாமா என்று தடுமாறுகையில் தன்னார்வலர் ஒருவர் தோளில் கைவைத்து நகர்த்துவார். சென்னைத் தன்னார்வலர்கள் மலையில் போல “ஜரகண்டி” (நகருங்கள்) சொல்வதில்லை. அதனால் சித்தூர், திருப்பதி ரசிகர்கள் நகராமல் அங்கேயே நின்றுவிடுகிறார்கள்.

மலையில் தரிசனம் முடித்தவருக்கு ஒரு லட்டு இலவசம், மேற்கொண்டு வேண்டுமென்றால் காசு. இங்கே ஒரு கையெழுத்து இலவசம். மச்சானுக்கு ஒன்று, ஹோசூர் சித்தப்பா பையனுக்கு ஒன்று என்று கேட்டால் என்ன விகிதம் என்பதற்குக் கவுண்டரில் இன்னும் யாரும் பலகை மாட்டவில்லை.